உறுமாமல் கடித்த மணி: சுங்கை சிப்புட் வீடு ஒன்றில் நடந்தது

ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தெரிந்தவர் ஒருவரிடம் என் எண்ணை வாங்கி அந்த வீட்டு மருமகள் அழைத்தார். “அண்ணே, எங்க நாய் மணி பையனைக் கடிச்சிருச்சு. செம்பனைக் காட்டுல கொண்டு போய் விட்டுறலாம்னு இவரு சொல்றாரு. மாமா விடமாட்டேங்கிறாரு. நீங்க ஒருவாட்டி வந்து பாக்குறீங்களா?”

நாயைப் பற்றிப் பேசும் முன் காயத்தைப் பற்றிக் கேட்டேன். மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தார்கள். துணியை அவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவச் சொன்னேன். அப்புறம் நேராக அரசு மருத்துவமனை. அழுகிற ஐந்து வயதுப் பையனைப் பிடித்துக்கொண்டு 15 நிமிடம் கழுவுவது லேசான வேலை இல்லை. ஆனாலும் வெறிநோய்க் கிருமியைக் காயத்திலேயே குறைப்பதற்கு அதுதான் முதல் காரியம். நம் மலேசியாவில் வெறிநோய் இல்லை என்று நிம்மதியாக இருந்த காலம் போய்விட்டது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வந்தது. 2017இல் சரவாக்கில் தொடங்கி அங்கே பலரின் உயிரைக் குடித்தது.

தடுப்பூசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நம் பக்கத்து வேலை, நாயை அடைத்துவைத்து 10 நாள் கவனிப்பது. கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இருந்திருந்தால், அந்தப் பத்து நாளுக்குள் நாய்க்கே நோய் வெளியே தெரிந்துவிடும். நாயைக் காட்டில் விட்டுவிட்டால் எதைக் கவனிப்பது? இதைச் சொன்னதும் கணவர் கார் சாவியைக் கீழே வைத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். காட்டில் விடுவது குற்றம் என்பதும், 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி அபராதம் 15,000 வெள்ளியில் தொடங்கி ஒரு லட்சம் வரை போகும் என்பதும் அவரை அவ்வளவாக அசைக்கவில்லை. மகனுக்கு ஆபத்து என்றதுதான் அசைத்தது.

குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன், நாயின் பெயரை மாற்றவில்லை. நான் ஈப்போவில் ஒரு விலங்கு கிளினிக்கில் உதவியாளராகப் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது வீடு வீடாகப் போய் நாய் பழக்குபவன். மருத்துவன் அல்ல. இந்த நிகழ்வில் அந்த வித்தியாசம் முக்கியமாகப் போகிறது.

லயத்திலிருந்து தாமானுக்கு

மணிக்கு நான்கு வயது. ஆண், விரை நீக்கப்படவில்லை. செம்பழுப்பு நிறம், பாதி மடிந்த காதுகள், 18 கிலோ. தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்த நாட்டுநாய். தாத்தா, அதாவது மருமகள் சொன்ன ‘மாமா’, அந்தத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் குடும்பம் ஊருக்குள் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மாடியில்லாத வரிசை வீட்டுக்கு வந்தது. நாயும் கூடவே வந்தது.

“தோட்டத்துல இருந்தப்ப இவன் ஒருத்தரையும் தொட்டதில்ல தம்பி” என்று தாத்தா நான் போன அன்றே நான்கு தடவை சொன்னார். பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது நல்ல தடயம். லயத்து நாயை யாரும் கட்டுவதில்லை. பிடிக்காத ஆள் வந்தால் எழுந்து கித்தா மரத்துக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். பிள்ளைகள் தொல்லை கொடுத்தால் அடுத்த வீட்டு வாசல். பயந்த நாய்க்கு முதல் வழி விலகிப் போவதுதான். அந்த வழியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது எதிர்த்து நிற்பது.

தாமான் வீட்டில் அந்த வழி அடைபட்டது. போர்ச் தூணில் ஆறடிச் சங்கிலி, கேட்டுக்கு மூன்று எட்டு. கூரியர் பையன், கேஸ் தம்பி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், மாலை நான்கு மணிக்கு ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரர் மோட்டார், எல்லாரும் அதன் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். மணி பாய்ந்து குரைக்கும். ரொட்டிக்காரர் போய்விடுவார். அவர் அடுத்த வீட்டுக்குப் போகத்தான் போகிறார், ஆனால் நாய்க்கு அது தெரியுமா? ‘குரைத்தேன், ஓடிவிட்டான்’ என்றுதான் கணக்கு எழுதிக்கொள்ளும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை, இரண்டு வருடம். எந்தப் பயிற்சியாளரும் இவ்வளவு ஒழுங்காகப் பாடம் எடுக்க முடியாது.

நான்கு சம்பவங்கள்

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினோம். முதலாவது, கிட்டத்தட்ட ஒன்றரை வருடத்துக்கு முன்னால். அப்போது மூன்று வயதுப் பேரன் மணியின் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மணி உறுமியது. தாத்தா ரோத்தான் பிரம்பை எடுத்து நாலு போட்டார். இன்னும் இரண்டு முறை உறுமல், இரண்டு முறை ரோத்தான். அப்புறம் உறுமலே இல்லை. “புத்தி வந்துருச்சுன்னு நெனச்சோம்ணே” என்றார் மருமகள்.

பிப்ரவரியில் கேட் திறந்திருந்த நேரம் பார்த்து ரொட்டிக்காரரின் கால்சட்டையைக் கிழித்தது. தோலில் பல் படவில்லை. ஏப்ரலில் பின்பக்கக் குழாயடியில் குளிப்பாட்டும்போது மருமகளின் கையில் கடி, ஒரு பல் இறங்கியது. ஜூலையில் பையன். மணி தட்டை நக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறான். முன்கையில் இரண்டு பல் குழிகள். ஒரே கடி, கடித்ததும் விட்டுவிட்டது.

இந்த விவரத்தைத் தோண்டித் தோண்டிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நாய்க்கடியை ஆறு படிகளாகப் பிரித்து இயன் டன்பார் என்ற விலங்கு மருத்துவர் ஓர் அளவு தந்திருக்கிறார். பல் படாத பாய்ச்சல் முதல் படி, மரணம் ஆறாவது. ஒரே கடி, நான்கு குழிக்குள், கோரைப் பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்கவில்லை என்றால் மூன்று. கடித்துப் பிடித்து உதறினால் நான்கு. மணி மூன்றில் இருந்தது. நான்காக இருந்திருந்தால், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும் நிலையில், நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். எல்லா நாயையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஊசி போட்டுத் தூங்க வைப்பதுதான் சரி என்று மருத்துவர் சொன்ன இரண்டு வீடுகளில் நானும் தலையாட்டியிருக்கிறேன்.

இரண்டு விநாடி

பத்து நாள் முடிந்து, நாய் நன்றாக இருந்ததால், பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு பின்கட்டுக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். கம்பி வழியாக எல்லாம் தெரியும். மருமகள் சோறும் கோழிக் கழுத்தும் வைத்த தட்டைக் கீழே வைத்துவிட்டு விலகினார். மணி சாப்பிடத் தொடங்கியது. வால் தாழ்வாக, தளர்வாக ஆடிக்கொண்டிருந்தது. நான் சொன்னபடி அவர் தட்டை நோக்கி இரண்டு எட்டு வைத்தார்.

வால் நின்றது. மென்று கொண்டிருந்த வாய் மூடிக்கொண்டது. தலை தட்டின் மேலேயே இருக்க, கண் மட்டும் அவர் பக்கம் திரும்பியது. கருவிழி ஓரத்தில் பிறை மாதிரி வெள்ளை. உடம்பில் ஒரு ரோமம் அசையவில்லை. மனத்துக்குள் எண்ணினேன்: ஒன்று, இரண்டு. “திரும்பி வந்துருங்க” என்றேன். அவர் விலகியதும் உதட்டை ஒரு தரம் நக்கிவிட்டு மறுபடி சாப்பிட்டது.

“இப்ப ஒண்ணும் பண்ணலையே அண்ணே, சும்மாதானே இருந்துச்சு?” என்றார். அந்த ‘சும்மா’தான் இப்போது மணியிடம் மிச்சம் இருந்த ஒரே எச்சரிக்கை. குரைக்கிற நாய் கடிக்காது என்று பழமொழி சொல்கிறோம். குரைக்கிற நாயும் கடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் சும்மா இருக்கிற மாதிரி உறைந்துபோகிற நாயைப் பற்றி யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

நாய் எடுத்தவுடன் கடிப்பதில்லை. முகத்தைத் திருப்பும், கொட்டாவி விடும், உதட்டை நக்கும், விலகும், உறையும், உறுமும், காற்றில் கடிக்கும், கடைசியில்தான் கடிக்கும். உறுமலுக்கு அடி விழுந்தால், நாய் உறுமலைத்தான் விடும். பிள்ளை பக்கத்தில் வந்தால் வயிற்றைப் பிசைகிற அந்தப் பயத்தை விடாது. இன்னும் சொன்னால், பிள்ளை வந்தால் ரோத்தானும் வருகிறது என்று பயம் இரட்டிப்பாகும்.

இதைத் தாத்தாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. “நாய்க்கு எஜமான் யாருன்னு காட்டணும் தம்பி. இல்லாட்டி அது நம்ம தலையில ஏறிரும்.” இந்த நம்பிக்கை தோட்டத்தில் மட்டும் இருப்பதல்ல, உலகம் முழுக்க இருக்கிறது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் அதற்கு வேர் இருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டால் அவை சண்டைதான் போடும். தலைவன் ஓநாய் என்ற எண்ணத்தைப் பரப்பிய டேவிட் மீச் என்ற ஆய்வாளரே 1999இல், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தகப்பன் பிள்ளைகள் உள்ள குடும்பம்தான் என்று எழுதித் திருத்தினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2009இல் வந்த ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்த உரிமையாளர்களில் 43 விழுக்காட்டினர் நாய் பதிலுக்குச் சீறியதாகச் சொல்லியிருக்கிறார்கள். மல்லாத்தி அமுக்கிப் பிடித்தவர்களில் 31 விழுக்காடு.

தாத்தா இதையெல்லாம் மரியாதையாகக் கேட்டார். ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில், “லோரியில எண்ணெய் விளக்கு சிவப்பா எரிஞ்சா என்ன செய்வீங்க தாத்தா?” என்று கேட்டேன்.

“நிப்பாட்டி எண்ணெய் பார்ப்பேன்.”

“பல்பைக் கழட்டிட்டு ஓட்டுவீங்களா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார். “அப்படி ஓட்டுன டிரைவரும் இருந்தான் தம்பி. என்ஜின் வெந்துபோச்சு.” அடுத்த முறை போனபோது ரோத்தான் கதவுக்குப் பின்னால் இல்லை. கத்தரிச் செடிக்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

நான் தவறவிட்டது

இது தட்டைக் காக்கும் நாய், சங்கிலியில் அடைபட்ட நாய் என்று முதல் நாளே முடிவு கட்டினேன். அது பொய்யும் இல்லை. பின்கட்டைப் பி.ஆர்.சி. கம்பிவலை வேலியால் அடைத்துச் சங்கிலியைக் கழற்றினோம். சாப்பாட்டு நேரத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள். பையனும் நாயும் தனியாக ஒரு நிமிடம்கூட இருக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். தபால் பெட்டியைக் கேட்டுக்கு வெளியே தூணில் மாட்டினோம். காலாவதியாகியிருந்த நாய் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொன்னேன். நாயை அலட்சியமாக வைத்திருந்து அது அடுத்தவரைக் கடித்தால், குற்றவியல் சட்டத்தின் 289ஆவது பிரிவில் உரிமையாளர் மாட்டிக்கொள்ளலாம். எதிர்வீட்டு மலாய்க் குடும்பம் இரண்டு வருடமாகப் பொறுமையாக இருந்ததையும் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம் நன்றாகப் போனது. கடிக்காமல் இருக்க நாயின் வாயில் மாட்டும் மசலைப் பழக்கத் தொடங்கினோம். துணியில் வாயை இறுக்கிக் கட்டுவது அல்ல, கூடை மாதிரி இருப்பது. நாய் வாய் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். நம் வெயிலுக்கு அதுதான் சரி. கூடைக்குள் தயிர் தடவினேன், மணி தானாக மூக்கை விட்டது. ஐந்தாவது நாள் வாரைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனேன். சடக் என்று திரும்பி என் விரலைக் கவ்வி விட்டது. தோல் கிழியவில்லை, ஆனால் நகம் கறுத்துவிட்டது. தட்டு இல்லை, பிள்ளை இல்லை, சங்கிலி இல்லை. பிறகு எதற்கு?

வீட்டுக்கு வந்து என் குறிப்பேட்டைத் திருப்பினேன். முதல் நாள் பக்கத்திலேயே ‘தலையை அடிக்கடி உதறுகிறது’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. எழுதியிருக்கிறேன், படிக்கவில்லை. மறுநாள் மருமகளிடம் கேட்டேன்: குளிப்பாட்டும்போது எங்கே தேய்த்தீர்கள்? தலையை, இடது பக்கம். பையன் எந்தப் பக்கமிருந்து கட்டிக்கொண்டான்? இடது. நான் வாரைக் கொண்டுபோனதும் இடது. ரொட்டிக்காரர் மட்டும் இந்தக் கணக்கில் வரமாட்டார், அவருக்குக் கேட் கணக்குதான்.

கல்லீரல் துண்டு ஒன்றைத் தாத்தா கையில் காட்டிக்கொண்டிருக்க, நான் தொடாமல் மணியின் இடது காதருகே குனிந்து மோந்து பார்த்தேன். புளித்துப் பொங்கிய தோசைமாவு வாடை.

ஈப்போ மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துத்தான் காதைப் பார்த்தார். பஞ்சில் காப்பித்தூள் மாதிரி அழுக்கு வந்தது. நுண்ணோக்கியில் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை. செவிப்பறை நல்லவேளை கிழிந்திருக்கவில்லை. ஈரமும் சூடும் உள்ள நம் ஊரில், மடிந்த காதுள்ள நாய்க்கு இது அபூர்வமான நோயே அல்ல. மாதக்கணக்கில் அது உள்ளே குடைந்துகொண்டே இருந்திருக்கும். டேனியல் மில்ஸ் என்ற இங்கிலாந்து விலங்கு நடத்தை மருத்துவரும் சக ஆய்வாளர்களும் 2020இல் எழுதியதில், நடத்தைக் கோளாறு என்று தங்களிடம் வரும் விலங்குகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு எங்கோ ஒரு வலி சம்பந்தப்பட்டிருக்கிறது என்கிறார்கள். இதை நான் படித்திருந்தேன். படித்தும் இரண்டு வாரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிக்கிற நாய் என்றால் இப்போதெல்லாம் மருத்துவர் பார்த்த பிறகுதான் கேட்டுக்குள் கால் வைக்கிறேன்.

நெத்திலியும் ஹாரனும்

காது மருந்து மூன்று வாரம். அதற்குள் மற்ற வேலைகள். தட்டுப் பக்கம் போகிற வேலை ரொம்பச் சின்னது, ரொம்பச் சலிப்பானது. மணி உறையாத தூரத்தில், அதாவது எட்டடியில் நின்று, தட்டுக்குள் ஒரு துண்டு கோழி வீசிவிட்டுத் திரும்பிப் போவது. தட்டைத் தொடுவதில்லை, எடுப்பதில்லை. சிலர் ‘பழகட்டும்’ என்று சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுப்பார்கள். உங்கள் இலையை ஒருவர் நாலு தரம் இழுத்தால் ஐந்தாவது தரம் அவர் கையைத் தட்டிவிட மாட்டீர்களா? மனிதர் வந்தால் சாப்பாடு கூடுகிறது, குறைவதில்லை என்று நாய்க்குத் தெரிய வேண்டும். எட்டடி ஐந்தடியாக ஒரு மாதம் ஆயிற்று. ஐந்துக்கு உள்ளே போகவே வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். கதவைப் பூட்டிச் சாப்பாடு வைக்க முடிகிற வீட்டில் எதற்கு வீரம்?

ரொட்டிக்காரர்தான் எதிர்பாராத துணை. கால்சட்டை கிழிந்த கோபத்தில் இருப்பார் என்று தயங்கிக் கேட்டேன். “சரி, என்ன செய்யணும் சொல்லுங்க” என்றார். முச்சந்தியிலிருந்தே ஹாரன் அடிப்பார். அடித்த அடுத்த நொடி பின்கட்டில் மருமகள் நெத்திலி போடுவார், உப்பைக் கழுவிக் காயவைத்த நெத்திலி. ஹாரன் முதலில், நெத்திலி பின்னால். இந்த வரிசை மாறக்கூடாது. நெத்திலியை முதலில் காட்டினால், ‘ஏதோ வரப்போகிறது’ என்று நாய் நெத்திலியையே சந்தேகப்படத் தொடங்கிவிடும். செப்டம்பர் நடுவில் ஹாரன் கேட்டால் மணி கேட்டைப் பார்க்கவில்லை, சமையலறைக் கதவைப் பார்த்தது.

விரை நீக்கினால் சரியாகிவிடுமா என்று கணவர் கேட்டார். ஊர் சுற்றுவதும் ஆண் நாய்களோடு சண்டையும் குறையலாம், பயத்தில் கடிப்பது அதனால் போகாது என்று மருத்துவர் சொன்னார். முடிவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரையும் பேச்சில் வந்தது. அது வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், காது ஆறியும் இறுக்கம் போகாவிட்டால் பார்ப்போம் என்றார். தேவைப்படவில்லை.

தீபாவளி

தீபாவளி வாரம் பயந்த மாதிரியே ஆயிற்று. பட்டாசுச் சத்தத்தில் மணி இரண்டு நாள் சாப்பிடவில்லை, மறுபடி உதட்டை நக்குவதும் உறைவதும். பின்னறையில் விசிறியும் வானொலியும் போட்டுப் படுக்கவிட்டார்கள். திறந்த இல்ல உபசரிப்பு அன்று நானும் போயிருந்தேன். கூட்டம் குறைந்த பிறகு மணியைப் பின்கட்டில் விட்டார்கள். ஈப்போவிலிருந்து வந்த ஒரு உறவுக்காரர், கையில் முறுக்கோடு, “டேய் மணி, என்னைத் தெரியலயா?” என்று வேலிக்கு மேலே கையை நீட்டினார்.

மணி உறுமியது. தாழ்ந்த, நீளமான, தொண்டைக்குள் உருளும் சத்தம். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் உறுமல். பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

“அவன்தான் சொல்றான்ல? கையை எடுடா!” என்று தாத்தா நாற்காலியிலிருந்தே கத்தினார். உறவுக்காரர் கையை எடுத்தார், கொஞ்சம் அவமானப்பட்ட முகத்தோடு. மணி நாலு எட்டு விலகிப் போய்ச் சுவரோரம் படுத்துக்கொண்டது.

டிசம்பரில் இடது காதில் மறுபடி லேசாக வாடை. மருத்துவரிடம் காட்டி ஒரு வாரம் சொட்டு மருந்து, மசல் போட்டபடியே ஊற்றினார்கள். கண்டுபிடித்தது மருமகள். வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை, தோசைக்கு அரைக்கிற அன்று மோந்து பார்க்கிறாராம்.